குறையாத தண்ணீர்

சென்ற மாதம் சுகாதார இலாகாவில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். ஆலைகளைச் சோதிக்கிற வேலையாம். ஜீப்பில் போகிறார்களாம், கேட்கவே நன்றாக இருந்தது. நீங்களெல்லாம் அந்தக் காலத்தில் என்னத்தைப் பார்த்தீர்கள் என்று விசாரித்தார்கள். நீங்கள் என்ன பார்க்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டேன். குடிதண்ணீர் இருக்கிறதா, கக்கூஸ் இருக்கிறதா, ஜன்னல் இருக்கிறதா என்று பார்ப்போம், இருந்தால் வேலை முடிந்தது என்றார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. இரண்டையும் காட்டிக்கொள்ளாமல் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். அவர்களிடம் சொல்ல வாய் வராததை இங்கே எழுதுகிறேன். படித்தால் படிக்கட்டும்.

நான் வேலைக்கு வந்த கதை சின்னது. அப்பா மதுரையில் கம்பவுண்டர். மருந்து வாடையில் வளர்ந்த பெண்ணை வீட்டில் பூட்டிவைத்துப் பிரயோசனமில்லை என்று நினைத்தாரோ என்னவோ, சென்னைக்கு அனுப்பி முதலில் பிரசவம் பார்க்கிற படிப்பும் அதன்மேல் ஹெல்த் விசிட்டர் படிப்பும் படிக்கவைத்தார். படித்ததில் பாதி மறந்துவிட்டது. விடுதிச் சாம்பார் மட்டும் மறக்கவில்லை. திரும்பி வந்தவுடன் மதுரையிலேயே உத்தியோகம் கிடைத்தது. சானிட்டரி இன்ஸ்பெக்டர் வேணுகோபால் நாயுடுவுக்குக் கீழே என்னைப் போட்டார்கள்.

என்னை எதற்கு அவருக்குக் கீழே போட்டார்கள் என்றால், அவரால் வாசற்படி தாண்ட முடியாது என்பதுதான் காரணம். மாசி வீதிகளுக்குப் பின்னால் உள்ள சந்துகளில் வீட்டுக்கு வீடு பெண்கள் உட்கார்ந்து சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுவார்கள். இருட்டு அறையில் மிளகு அளவு முடிச்சு. முப்பது வயதுக்குள் கண் மங்கிவிடும். இந்த வீடுகளையும் பார்த்து வரவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. ஆனால் கோட்டும் தலைப்பாகையும் மீசையுமாக ஓர் ஆண்பிள்ளை வந்து நின்றால் எந்த வீட்டில் உள்ளே விடுவார்கள்? அதனால் அவர் சந்தில் குடையை ஊன்றிக்கொண்டு நிற்பார். நான் உள்ளே போவேன்.

வெளிச்சத்தை அளக்க அவரிடம் ஒரு வழி இருந்தது. பழைய செய்தித்தாளில் ஒரு துண்டைக் கிழித்துக் கையில் கொடுப்பார். அறையில் எந்த மூலை ரொம்ப இருட்டோ அங்கே போய் உட்கார்ந்து அதை உரக்கப் படிக்கவேண்டும். நான் தட்டுத்தடுமாறினால் வெளிச்சம் போதாது, சரளமாகப் படித்தால் போதும். ஒருநாள் அவர் கொடுத்த துண்டில் ஒரு கொலை வழக்கு விவரம் இருந்தது. நான் நான்கு வரி படித்து நிறுத்தினேன். முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் விடவில்லை. அப்புறம் என்ன ஆச்சு, யார்தான் வெட்டினது என்று பிடித்துக்கொண்டார்கள். எழுத்தே தெரியாத இருட்டு அது. இரண்டு நாள் முன்பு வீட்டில் அதே வழக்கை வரி விடாமல் படித்திருந்தேன், அந்த ஞாபகத்தில் மளமளவென்று சொல்லிக்கொண்டே போனேன். வெளியே நின்ற நாயுடு சார், இந்த வீட்டில் வெளிச்சம் பிரமாதம் என்று குறித்துக்கொண்டார். வெளியே வந்து உண்மையைச் சொன்னபோது கொஞ்சநேரம் என்னையே பார்த்தார். பிறகு, யார் வெட்டியதாம் என்று கேட்டார்.

அந்த வீட்டுக்கு அவர் செய்த காரியத்தை நான் பல இடத்தில் சொல்லியிருக்கிறேன். ஜன்னல் வைக்கச் சொன்னால் அடுத்த வீட்டுச் சுவர் இடிக்கும். வாசலில் உட்காரச் சொன்னால் போகிறவன் வருகிறவன் பார்ப்பான். அவர் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, கூரையில் ஒரே ஒரு மண் ஓட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கண்ணாடி ஓடு ஒன்று போடச் சொன்னார். போட்டார்கள். அறைக்குள் பாய் அகலத்துக்கு வெயில் விழுந்தது. காலையில் மேற்குச் சுவரோரம் விழும் வெயில் நேரம் ஆக ஆகக் கிழக்கே நகரும், பெண்களும் சேலையோடு கூடவே நகர்ந்துகொண்டே போவார்கள். சாயங்காலம் போனால் எல்லோரும் கிழக்குச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு இருப்பார்கள். அந்தச் சந்தில் பிறகு பல வீட்டில் கண்ணாடி ஓடு வந்துவிட்டது.

அவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொன்னால்தான் நடந்தது விளங்கும். எந்த ஆலைக்குப் போனாலும் முதலாளியின் அறைக்குள் நுழையமாட்டார். காப்பி, இளநீர் எதையும் தொடமாட்டார். குடிக்கிற தண்ணீரைக் கூஜாவில் வீட்டிலிருந்தே கொண்டுவருவார். வாயில் ஒரு கிராம்பு எப்போதும் இருக்கும். உள்ளே நுழைந்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஓரமாக நிற்பார். தூங்குகிறாரா என்று சில முதலாளிகள் என்னிடம் ரகசியமாகக் கேட்டதுண்டு. இயந்திரச் சத்தத்துக்கு நடுவே அவர் இருமலைக் கேட்டுக்கொண்டிருப்பார். எந்த மூலையில் இருமல் அதிகமோ அங்கேதான் முதலில் போவார். வெள்ளைக் கைக்குட்டையால் உத்தரத்தைத் துடைத்துப் பார்ப்பார். கூலிக்காரர்களையும் நீங்க, வாங்க என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் மரியாதை இன்னும் ஏறும். அவர் 'தயவுசெஞ்சு' என்று ஆரம்பித்தால் யாருக்கோ இன்றைக்குக் கஷ்டகாலம் என்று நான் தெரிந்துகொள்வேன்.

அவர் கடைசியாகப் பார்ப்பது தண்ணீர்ப் பானையை. சாயங்காலத்தில் பானை காலியாக இருந்தால் ஒன்றும் சொல்லமாட்டார். நிறைந்திருந்தால் அந்த ஆலையில் ஏதோ கோளாறு இருக்கிறது என்பது அவர் கணக்கு. தண்ணீர் நாறலாம், எட்டாத இடத்தில் இருக்கலாம், இல்லை, எழுந்து போனால் மேஸ்திரி திட்டலாம். அந்தக் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை. காரணத்தைக் கண்டுபிடிப்பதில்தான் ஒரே ஒருமுறை தப்பினார். நான் சொல்லவந்தது அதைத்தான்.

திருமங்கலத்திலிருந்து பேரையூர்ப் பக்கம் போகிற பாதையில், கரிசல் காட்டுக்கு நடுவே ஒரு பருத்தி அரவை மில் இருந்தது. பெயர் வேண்டாம். யுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருஷங்கள் அவை. மாசியில் பருத்தி வர ஆரம்பித்தால் ஆனி வரைக்கும் மில் ஓடும். பருத்தியை அரைத்துப் பஞ்சு வேறு கொட்டை வேறாகப் பிரிக்கிற இயந்திரங்கள் இரண்டு வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு பெண் நின்று பருத்தியை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கவேண்டும். ஒரு வரிசையில் ஊருக்குள்ளிருந்து வருகிற பெண்கள், எதிர் வரிசையில் சேரிப் பெண்கள். விடியுமுன் சங்கு ஊதும், இருட்டிய பிறகு விடுவார்கள். பஞ்சுத் தூசு பறந்து எல்லோர் தலையும் நரைத்துக் கிடக்கும்.

பங்குனி வெயிலில் நாங்கள் முதல்தடவை அங்கே போனபோது சாயங்காலம் ஆகிவிட்டது. நாயுடு சார் இருமல் கேட்டார், கைக்குட்டையால் துடைத்தார், கடைசியில் பானைக்கு வந்தார். விளிம்பு வரை தண்ணீர். மேலே பஞ்சு மிதந்தது. அத்தனை பெண்கள், அத்தனை வெயில், ஒரு செம்பு மொண்ட அடையாளம் இல்லை.

முதலாளி பதறிப்போனார். கெட்ட மனுஷர் என்று சொல்லமாட்டேன். அழகர் ஆற்றில் இறங்கும்போது அழகர்கோவில் பாதையில் வருஷந்தோறும் தண்ணீர்ப்பந்தல் வைக்கிறவர். ஊர் பேர் தெரியாத ஜனத்துக்கெல்லாம் நீர்மோரும் பானகமும் ஊற்றுகிற நான், என் மில் பெண்களுக்குத் தண்ணீர் இல்லை என்பேனா என்று அவர் கேட்டபோது கண் கலங்கியே விட்டது. மேஸ்திரிதான் காரணம் சொன்னார். "ரெண்டு பக்கத்துப் பொம்பளைகளும் இருக்காக சார். ஒருத்தர் மோந்த பானையில இன்னொருத்தர் மோக்க மாட்டாக. அம்புட்டுத்தான் விசயம்."

இது நாயுடு சாருக்கு உடனே பிடிபட்டுவிட்டது. பிடிபட்டது மட்டுமல்ல, ரோஷமும் வந்துவிட்டது. முதலாளி இரண்டு பானை வைத்துவிடுகிறேன் என்றார். முடியவே முடியாது, ஒன்றுதான் இருக்கவேண்டும் என்றார் இவர். ஊர் திரும்புகிற வழியெல்லாம் வண்டியில் அதையே பேசிக்கொண்டு வந்தார். மதுரையில் பாத்திரப் பட்டறை ஒன்றில் சொல்லி, அடியில் பித்தளைக் குழாய் வைத்த தகரத் தொட்டி ஒன்று செய்வித்தார். யாரும் மொள்ளவேண்டாம், குழாயைத் திறந்து கையில் பிடித்துக் குடித்துக்கொள்ளலாம். தொட்டிக்கு மூடியும் உண்டு, பஞ்சு விழாது. பட்டறையில் நின்று குழாயை இருபது தடவையாவது திறந்து மூடிப் பார்த்திருப்பார். பெண்ணுக்குச் சீர் அனுப்புகிற மாதிரி அதை வைக்கோலில் சுற்றி மில்லுக்கு அனுப்பினார்.

சித்திரை பிறந்ததும் அதைப் பார்க்கவே இன்னொரு தடவை போனோம். தொட்டி பளபளவென்று இருந்தது. நிறைந்தும் இருந்தது. நாயுடு சார் குழாயைத் திறந்தார். தண்ணீர் நன்றாகவே வந்தது. மூடினார். கிராம்பை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். அந்த முகத்தை எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. நான் பெண்களிடம் போய் உட்கார்ந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் பின்புறம் போனேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். கரிசல் காட்டுப் பெண்கள் கோடையில் கம்பங்கூழைக் கரைத்துச் சட்டியோடு தூக்கிக் குடிப்பதை எங்கும் பார்த்திருக்கிறேன். இங்கே யாரிடமும் கூழ் இல்லை. களியை உருண்டையாகவே கொண்டுவந்திருந்தார்கள். வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு விக்க விக்க விழுங்கினார்கள். ஏன் கரைக்கவில்லை என்று கேட்டேன். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்கள். பூவாயி என்று ஊர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, வாயாடி, அவள்தான் சொன்னாள்.

"கரைச்சுக் குடிச்சா எங்கிட்டுப் போறது டாக்டரம்மா?"

எனக்குச் சுரீரென்றது. ஏனென்றால் சுற்றுப்பயணம் போகிற நாளில் நானும் காலையில் ஒரு வாய்க் காப்பியோடு சரி. நாயுடு சார் கூஜாவை நீட்டும்போதெல்லாம் தாகமில்லை சார் என்பேன். அவருக்கு வழியில் எந்த மரமும் போதும். எனக்கு இருட்டி வீடு வந்துதான். இவ்வளவு காலம் எனக்கு நானே செய்துகொண்டிருந்ததை, கண்ணெதிரே ஒரு கொட்டகை முழுக்கச் செய்துகொண்டிருந்தார்கள். தொட்டி நிறைந்திருந்த காரணம் இரண்டு வரிசைக்கும் ஒன்றேதான். அதை ஓர் ஆணிடம் யார் வாய்விட்டுச் சொல்வார்கள்? மேஸ்திரிக்குத் தெரிந்த காரணத்தை மேஸ்திரி சொன்னார், அவ்வளவுதான்.

கக்கூஸ் இல்லாமல் இல்லை. சட்டப்படி இரண்டு அறை கட்டியிருந்தார்கள், நாயுடு சாரும் முதல் தடவையே பார்த்துத் திருப்திப்பட்டிருந்தார். ஆனால் அது எடைத்தராசுக்குப் பக்கத்தில் இருந்தது. பருத்தி ஏற்றி வருகிற வண்டிக்காரர்கள் பொழுதுக்கும் அங்கேதான் நிற்பார்கள். சுவர் நெஞ்சளவு. அதில்தான் சாய்ந்துகொண்டு வெற்றிலை போடுவார்கள்.

அன்றைக்குத்தான் பேச்சியைப் பார்த்தேன். சேரி வரிசையில் கடைசியாக உட்கார்ந்து அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆறு மாதம். தொட்டால் உடம்பு கொதித்தது. நீர்க்கடுப்பு, சொட்டுச் சொட்டாகத்தான் போகிறது, நெருப்பாக எரிகிறது என்று என் காதோடு சொன்னாள். இதற்குமுன் இரண்டு பிள்ளை தங்கவில்லையாம். இரண்டும் பருத்திக் காலத்தில், இதே மாதிரிக் காய்ச்சலில் போனவை. இந்த வேலையை விட்டால் என்ன என்று கேட்டேன். படித்த முட்டாள்தான் அப்படிக் கேட்பாள். வருஷத்தில் கூலி கிடைப்பதே இந்த நாலைந்து மாதந்தான், அவள் வீட்டுக்காரனுக்கும் காட்டில் அப்போது வேலை கிடையாது.

திருமங்கலம் ஆஸ்பத்திரிக்கு அவளை அழைத்துப் போனேன். டாக்டர் மருந்து கலந்து கொடுத்தார். மருந்தைவிடத் தண்ணீர்தான் முக்கியம், நாள் முழுக்கக் குடிக்கவேண்டும், வந்ததை அடக்கக்கூடாது, அடக்கினால் இந்தப் பிள்ளையும் தங்காது என்று கண்டிப்பாகச் சொன்னார். பேச்சி தலையை ஆட்டினாள். வெளியே வந்ததும், "வீட்டுல குடிச்சுக்கிறேம்மா" என்றாள். வீட்டில் அவள் இருப்பதே தூங்குகிற நேரந்தான்.

இதை நாயுடு சாரிடம் எப்படிச் சொல்வது என்று நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இந்தப் பேச்சை இத்தனை வருஷத்தில் நாங்கள் இருவரும் வாயில் எடுத்ததில்லை. கடைசியில் வண்டியில் போகும்போது, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, மாடுகளிடம் சொல்கிற மாதிரி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பேச்சியைப் பற்றியும் சொன்னேன். முடித்துவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தேன். தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தார். வெளியில் அவரை வெறுந்தலையோடு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மறுநாளே மில்லுக்குப் போனார், என்னையும் கூட்டிக்கொண்டு. முதலாளி வழக்கம்போல் வரவேற்றார். தராசுப் பக்கம் நாலைந்து வண்டி நின்றது. நாயுடு சார் கை கூப்பினார்.

"தயவுசெஞ்சு ஒரு நிமிஷம் அந்தக் கக்கூசுக்குள்ள போய் உக்காருங்க" என்றார்.

முதலாளிக்குப் புரியவில்லை. "நானா?" என்று கேட்டார். சும்மா உட்கார்ந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம், ஒரு சோதனைக்காகத்தான் என்று இவர் அதே மரியாதையோடு சொன்னார். சர்க்கார் மனுஷர் கேட்கிறார், என்ன செய்வார் பாவம். சரிகை அங்கவஸ்திரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்க் குந்தினார். நாயுடு சார் தராசு மேடையில் ஏறி நின்றார். என்னையும் ஏறச் சொன்னார். அங்கிருந்து பார்த்தால் முதலாளியின் தலைப்பாகை, நெற்றி நாமம், தோள், எல்லாம் தெரிந்தது. "நல்லா தெரியுறீங்க" என்று சத்தமாகச் சொன்னார். வண்டிக்காரர்கள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கொட்டகை வாசலில் பெண்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். பூவாயியின் சிரிப்பு மட்டும் அடங்கவே இல்லை.

வெளியே வந்த முதலாளி முகம் சிவந்திருந்தது. கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தணிந்த குரலில், எவ்வளவு உயரம் வேண்டும் என்று மட்டும் கேட்டார். ஆள் உயரத்துக்கு மேல் சுவரை எழுப்பி, வாசலை முள்காட்டுப் பக்கம் திருப்பி, தராசுப் பக்கத்தை அடைத்துவிடச் சொன்னோம். ஒரு வாரத்தில் கட்டி முடித்தார்கள். காரியம் முடிந்தது என்று நினைத்தேன்.

பேச்சியைப் பார்க்க மறுபடி மில்லுக்குப் போனபோது காய்ச்சல் விடவில்லை, கால் வேறு வீங்கியிருந்தது. தண்ணீர் குடித்தாயா என்றேன். தலையைக் குனிந்துகொண்டாள். தொட்டியும் நிறைந்தே இருந்தது. நாயுடு சாரும் நானும் கக்கூஸ் பக்கம் போனோம். புதிதாகப் போட்ட கதவில் பூட்டுத் தொங்கியது. சுவர் மறைவாக இருக்கிறதென்று வண்டிக்காரர்களே உள்ளே போய் அசிங்கம் பண்ணுகிறார்கள், அதனால்தான் பூட்டு, பெண்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாமே, யார் வேண்டாமென்றது என்றார் முதலாளி. சாவி எடை எழுதுகிற கணக்கப்பிள்ளை இடுப்பில் இருந்தது. கணக்கப்பிள்ளை தராசடியில் இருந்தார். தராசைச் சுற்றி வண்டிக்காரர்கள்.

நியாயமான பேச்சுத்தான். சட்டத்தில் சுவர் உண்டு, கதவு உண்டு, பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நாயுடு சார் குடையைத் தரையில் தட்டிக்கொண்டு நின்றார். எனக்கு அழுகை வந்தது. ஒரு பிள்ளையின் உயிர் அந்தக் கணக்கப்பிள்ளையின் அரைஞாணில் தொங்குகிறதே என்றுதான் பட்டது. தயவுசெஞ்சு என்று அவர் ஆரம்பித்தார். அதற்குமேல் அவருக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

அப்போது கொட்டகையிலிருந்து பேச்சி வெளியே வந்தாள். எங்களைப் பார்க்கவில்லை. வீங்கின காலை ஊன்றி ஊன்றித் தராசடிக்குப் போனாள். ஆண்கள் கூட்டத்துக்கு இரண்டடி தள்ளி நின்றாள். என்னிடம் காதோடு பேசுகிற பெண், அன்றைக்கு இயந்திரச் சத்தத்துக்கு மேலே கேட்கிற மாதிரிப் பேசினாள்.

"கணக்கப்பிள்ளைய்யா, சாவியக் குடுங்க. ஒண்ணுக்குப் போவணும்."

கணக்கப்பிள்ளை காதில் விழாதவர் போலத் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டிக்காரன் ஒருவன் கனைத்தான். பேச்சி நகரவில்லை. அதே வார்த்தைகளை அதே குரலில் இன்னொரு தடவை சொன்னாள். அவள் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

கொட்டகைக்குள்ளிருந்து யாரோ இயந்திரத்தை விட்டு வந்தார்கள். பூவாயி. பேச்சிக்குப் பின்னால் போய் நின்றாள். அவளுக்குப் பின்னால் ஒருத்தி, அப்புறம் ஒருத்தி. இந்த வரிசை அந்த வரிசை என்று இல்லாமல் கலந்து வந்து நின்றார்கள். சேரிப் பெண் ஒருத்தி முன்னாலும் ஊர்ப் பெண்கள் அவளுக்குப் பின்னாலும் நின்ற வரிசையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பருத்தி போட ஆள் இல்லாமல் இயந்திரங்கள் வெறுமனே ஓடி ஒருமாதிரிக் கிறீச்சிட்டன. அந்தச் சத்தத்துக்குத்தான் முதலாளி எங்களை விட்டுவிட்டு ஓடினார்.

போனவர் வரிசையைப் பார்த்தார். பேச்சியின் வயிற்றைப் பார்த்தார். கணக்கப்பிள்ளையிடம் கையை நீட்டிச் சாவியை வாங்கினார். அதை அவள் கையில் கொடுக்கவில்லை. தானே சுற்றிக்கொண்டு போய்ப் பூட்டைத் திறந்து, பூட்டையும் சாவியையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் தன் அறைக்குள் போய்விட்டார். வண்டிக்காரர்களுக்கெல்லாம் திடீரென்று மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற வேலை வந்துவிட்டது.

பேச்சி போய்விட்டு வந்தாள். நேரே தொட்டிக்குப் போய்க் குழாயைத் திறந்து, குனிந்து, கையில் பிடித்துக் குடித்தாள். அவள் நிமிர்வதற்குள் பூவாயி வந்து நின்றாள். நாயுடு சாரின் பித்தளைக் குழாய்க்கு அன்றைக்குத்தான் வேலை வந்தது. நான் அவரைப் பார்த்தேன். சுகாதார இலாகா உத்தியோகஸ்தர் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார், உத்தரம் துடைக்கிற அதே வெள்ளைக் கைக்குட்டையில். அடுத்த தடவை போனபோது தண்ணீர் சுமக்க இன்னொரு ஆள் போடவேண்டியிருக்கிறது என்று முதலாளி குறைப்பட்டுக்கொண்டார். அதைக் கேட்டு நாயுடு சார் அடைந்த சந்தோஷம் அளவில்லாதது.

பூட்டுத் திறந்த அன்று, திரும்புகிற வழியில் அவர் கூஜாவை நீட்டினார். தாகமில்லை சார் என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "இத்தனை வருஷமாவா?" என்று மட்டும் கேட்டார். அடுத்த ஊரில் வண்டியை நிறுத்தி, பள்ளிக்கூட வாத்தியார் வீட்டு வாசலில் நின்று, எங்க ஆபீஸ் அம்மா கொஞ்சநேரம் உள்ளே வந்து உட்காரலாமா என்று அந்த வீட்டு அம்மாவிடம் கேட்டார். அதன்பிறகு அவர் ஓய்வு பெறுகிற வரைக்கும், எந்த ஊருக்குப் போனாலும் எனக்காக ஒரு வீடு பார்த்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பார். யாரிடமும் காரணம் சொன்னதில்லை. என்னிடமும் சொன்னதில்லை. எனக்கு வாய்த்த மேலதிகாரிகளில் அவரைப்போல் இன்னொருவர் இல்லை.

ஆனி முடிகிற சமயம், நான் திருமங்கலம் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த அன்றைக்கு, வலி கண்டுவிட்டதென்று பேச்சியின் வீட்டுக்காரன் என்னைத் தேடி வந்து நின்றான். நான் போய்ச் சேர்ந்தபோது குடிசை வாசலில் பெண்கள் கூடியிருந்தார்கள். பூவாயியும் சேரிக்குள் வந்திருந்தாள். பேச்சி வெகுநேரம் கஷ்டப்பட்டாள். பிள்ளை அழ வேண்டிய நேரத்தில் அழவில்லை. காலைப் பிடித்துத் தூக்கித் தட்டினேன். ஒன்றுமில்லை. இன்னொரு தடவை தட்டினேன். அப்புறம் அழுதாளே, பெண் குழந்தை, வாசலில் நின்றவர்களெல்லாம் பேச்சை நிறுத்துகிற மாதிரி அழுதாள்.

பேச்சியின் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினேன். பார்த்தாள். தொட்டாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"தண்ணி குடுங்கம்மா" என்றாள்.

தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கொடுத்தேன். மடக்கு மடக்கென்று ஒரு செம்பையும் குடித்துவிட்டு இன்னொரு செம்பு கேட்டாள்.